திறந்திருந்த மைக்

அத்தியாயம் பதினான்கு

மருமகனின் தொடரை மண்டபத்தில் வாசிப்பது பின்னேரம்தான். அப்பா காலைச் சாப்பாட்டுக்கே கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து அமர்ந்துவிட்டார்.

"அப்பா, இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு. கழட்டி வையுங்கோ, கசங்கப்போகுது" என்றாள் பிறேமா.

"கசங்காது பிள்ளை. நான் அசையமாட்டன்."

பெரியப்பாவின் செத்தவீட்டுக்குத் தைத்த கோட்டு அது. அதைப் போட்டுக்கொண்டு அப்பா கனடாவுக்குப் போகவில்லை. இங்கே ஜேர்மனியில், இதே கூடத்தில், இதே தொலைக்காட்சிக்கு முன்னால்தான் நின்றார்.

சென்ற வாரம் பிறேமா, புருசனுடைய நகைச்சுவைத் தொடரின் முதற் பகுதியை அச்சடித்துக் கொடுக்கப்போய், நாலு பக்கம் வாசித்து, அடுப்பில் பருப்பைத் தீயவிட்டாள் அல்லவா? அந்தச் சட்டி இன்னமும் ஊறுகிறது. அதற்குள் இந்த நாள் வந்துவிட்டது.

அவள் வாசித்தது இதுதான். ஒரு வயசாளி, கோட்டும் சூட்டுமாக, தொலைக்காட்சிக்கு முன்னால் முழந்தாளில் நிற்கிறார். திரையில் அவருடைய தமையனின் இறுதிச் சடங்கு, கடல் கடந்த ஊரிலிருந்து நேரலையில் ஓடுகிறது. குருவானவர் அங்கே பெட்டிக்குத் தீர்த்தம் தெளிக்க, இவர் இங்கே மாதா உருவத்துப் பிளாஸ்டிக் போத்தலைத் திறந்து திரைக்குத் தெளிக்கிறார். பிறகு தமையனோடு கதைக்கத் தொடங்குகிறார். மைக் திறந்திருக்கிறது. அங்கே கோவில் நிறைந்த சனம் தலையை நிமிர்த்தி, குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறது.

இரண்டு வருசத்துக்கு முதல் இந்தக் கூடத்தில் நடந்தது, தீர்த்தத் துளிகூடச் சிந்தாமல் அப்படியே இருந்தது. அன்றைக்குக் கார்ல்ஸ்ரூஹேயில் தன்னுடைய அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பி சஞ்சயன் போனில் "அக்கா, மைக்! மைக்!" என்று கத்தியதும், பிறேமா பாய்ந்து, தொலைக்காட்சியோடு பொருத்தியிருந்த மடிக்கணினியை மூடியதும், "லைன் கட்டாகிட்டுது அப்பா" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னதும் மட்டும்தான் அதில் இல்லை.

ரொறொன்ரோவில் அத்தனை சனமும் தன் அழுகையைக் கேட்டது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த மனிதர் உடைந்துபோவார் என்று, குடும்பம் முழுக்க அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. இன்றைக்கு மைன்ஸில், மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால், சிரிப்புக்கு நடுவில் அவர் அதைத் தெரிந்துகொள்ளப் போகிறார். அதுவும் முதல் வரிசையில் இருந்துகொண்டு. கூப்பிட்டவர் மருமகன்.

பிறேமா மேல்மாடிக்கு ஓடினாள்.

புருசன் டெக்லன் கட்டிலில் மூன்று சட்டைகளை விரித்து வைத்துவிட்டு நாலாவதைத் தேடிக்கொண்டிருந்தான். இந்த ஐரிஷ்காரன் இருபத்தைந்து வயதில் டப்ளினில் ஒரு தொடர் எழுதி நாட்டையே சிரிக்க வைத்தவன். சவப்பெட்டிக் கடை நடத்தும் மூன்று சகோதரர்களைப் பற்றிய தொடர். குடிக்கடைகளில் ஆட்கள் அவனுடைய வசனத்தை அவனுக்கே சொல்லிக் காட்டினார்களாம். அந்தப் பெயரோடு லண்டனுக்குப் போனான். அங்கே எழுதிய இரண்டாவது தொடரை மூன்றாம் வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு சவப்பெட்டிக் கடையை ஜேர்மனில் எடுக்கிறோம் என்று கோல்னில் கூப்பிட்டார்கள். சாவு வீட்டுப் பகிடி இங்கே ஒருவருக்கும் ஏறவில்லை. தொடர் படுத்தது, அந்த வாரமே ஞானப்பல்லும் வலித்தது. ஊரே கடை பூட்டிக் கொண்டாடுகிற கார்னிவல் நாளில் திறந்திருந்த ஒரேயொரு பல் வைத்தியரிடம் போனான். அங்கே உதவியாளராக நின்ற பிறேமா, வாய் விறைத்த பிறகும் பகிடி விட்ட ஒரு நோயாளியை அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டாள்.

அதற்குப் பிறகு அவன் எழுதியதெல்லாம் அடுத்தவர் தொடர்களுக்குப் பகிடி திருத்துகிற வேலை. முடிவில் ஓடுகிற பெயர்களில் அவன் பெயர் இருக்காது. பிறேமாவின் அம்மா மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடுவாள்.

இந்தத் தொடர்தான் கடைசி முயற்சி என்று அவனே சொல்லியிருந்தான். ஐரிஷ் மருமகன் ஒருவன் புலம்பெயர்ந்த குடும்பமொன்றில் மாட்டிக்கொண்டு படுகிற பாடு. தொலைக்காட்சி நிலையம் எடுத்தால் எழுத்தாளன். எடுக்காவிட்டால் வரும் மாதத்திலிருந்து பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற வேலை. அதற்கும் ஆம் சொல்லி வைத்திருந்தான்.

"டெக்லன், அந்தக் காட்சியை இன்றைக்கு எடுத்துவிடு" என்றாள் பிறேமா. அவர்கள் இரண்டு பேரும் கதைப்பது ஜேர்மன்.

"எடுக்க முடியாது. நடிகர்கள் நேற்று முழுக்க அதைத்தான் ஒத்திகை பார்த்தார்கள்."

"அப்பா முதல் வரிசையில் இருக்கப்போகிறார்!"

"அவருக்குத் தெரியவராது. நான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அந்த ஆள் இப்போது போர்த்துக்கேயர். செத்தவீடு பிரேசிலில்."

பிறேமா அவனைப் பார்த்தபடியே நின்றாள். இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன், ஒரு மனிதனுக்கு ஊரை மாற்றிவிட்டால் அவனுக்கே அவனை அடையாளம் தெரியாது என்று நம்புகிறானே!

"அந்த மாதா போத்தல்?"

"அது என் அம்மாவிடமும் இருந்தது. குளிர்பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் நிற்கும்." அவன் சட்டையைக் கீழே போட்டான். "பிறேமா, மற்றக் காட்சியெல்லாம் நான் யோசித்து எழுதியவை. அது ஒன்றுதான் கண்ணால் கண்டது. அதை எடுத்தால் மிச்சத்தில் உயிர் இல்லை. வேண்டுமென்றால் நானே போய் மாமாவிடம் இப்போதே சொல்கிறேன்."

"ஐயோ, வேண்டாம்!"

அவன் போய்ச் சொன்னால் அப்பா திருப்பிக் கேட்பார். கேட்டால் இரண்டாவது ஒளிப்பும் வெளியே வந்துவிடும். அந்த ஒளிப்பு முழுக்க முழுக்க பிறேமாவுடையது.

அப்பாவும் பெரியப்பாவும் ஏன் ஒன்பது வருசம் கதைக்கவில்லை என்று டெக்லன் ஒருமுறை கேட்டிருந்தான். "ஊரில் ஒரு வேலிப் பிரச்சினை" என்று அவள் சொல்லிவிட்டாள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குள் வேலியால் வராத சண்டையா, நம்பினான். உண்மை வேறு. பிறேமா டெக்லன் கலியாணத்துக்குச் சொல்ல அப்பா போன் எடுத்தபோது மரியதாசன் பெரியப்பா சொன்னார்: "வெள்ளைக்காரனுக்குக் குடுக்கிறதெண்டால் எனக்குச் சொல்லவேண்டாம். அவன் விட்டிட்டுப் போனாப்பிறகு சொல்லு, வாறன்." அப்பா போனை வைத்தார். அதற்குப் பிறகு அவர் அண்ணனின் குரலைக் கேட்கவேயில்லை.

இதை எந்த மனைவி புருசனிடம் சொல்லுவாள்?

கீழே குசினியில் அம்மா பேர்பெச்சுவா வழிக்கென்று கறி அடைத்த பற்றிஸ் சுட்டுக்கொண்டிருந்தாள். மருமகனின் தொடர் வெல்லவேண்டும் என்று கெவலார் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தவள் அவள். பிறேமா கதவைச் சாத்திவிட்டு விசயத்தைச் சொன்னாள்.

"மாதாவே!" அம்மா கரண்டியோடு நெஞ்சில் கை வைத்தாள். "இவருக்குத் தெரியாமல் இவ்வளவு நாளும் நான் பட்ட பாடு! மக்டலீனுக்குப் போன் எடுத்து, தப்பித்தவறியும் சொல்லிப்போடாதையுங்கோ எண்டு எத்தினை தரம் கெஞ்சியிருப்பன்?"

மக்டலீன் என்பது பெரியப்பாவின் மனைவி.

"அப்பாவை வரவிடாமல் பண்ணுங்கோ அம்மா. முழங்கால் நோ எண்டு சொல்லுங்கோ."

"விடியத் தொடங்கிக் கோட்டோடை இருக்கிற மனுசனை எப்பிடி மறிக்கிறது? நீ பேசாமல் இரு. அந்தக் கட்டம் வரேக்கை நான் இருமுறன். பெரிசா இருமுறன். தண்ணி வேணும் எண்டு இவரை வெளியிலை கூட்டிக்கொண்டு போறன்."

பெரிய திட்டம்தான். வேறு வழியில்லாததால் பிறேமா அதையே பிடித்துக்கொண்டாள்.

மைன்ஸுக்குப் போகிற வழி முழுக்க அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. இருக்கைப் பட்டியைத் தளர்த்தினாள், இறுக்கினாள், கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள். பின்னால் அப்பா, ஓய்வு பெறும்வரை டார்ம்ஸ்டாட்டில் ட்ராம் ஓட்டிய கிறிஸ்தோப்பர், மருமகன் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தானும் காலை அழுத்தினார்.

மண்டபம் ரைன் ஆற்றுக்குப் பக்கத்தில். மேடையில் ஐந்து கதிரை, ஐந்து நடிகர்கள், கையில் பிரதி. நிலையத்தில் தொடர்களுக்குப் பொறுப்பான திருமதி ஹோல்ட்சர் ஓரத்தில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். அந்த அம்மையார் சிரிக்கிறாரா என்று டெக்லன் பார்க்க, அப்பா சிரிக்கிறாரா என்று பிறேமா பார்க்க, மேடையைப் பார்த்தவர்கள் மற்ற ஆட்கள்தான்.

முதற் காட்சிகளுக்கு நல்ல சிரிப்பு. மருமகன் முதன்முதலில் கையால் சாப்பிடுகிற இடத்தில் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "இது எங்கடை வீட்டிலை நடந்தது" என்று பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஜேர்மன்காரிக்கும் சொன்னார்.

பிறகு நரைத்த நடிகர் ஒருவர் எழுந்து, வெறும் கதிரைக்கு முன்னால் முழந்தாளில் நின்றார்.

அம்மா இருமினாள். முதலில் சின்னதாக, பிறகு சொன்னது போலப் பெரிதாக. இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது.

"இஞ்சேருங்கோ, தண்ணி..." என்று எழும்பப் பார்த்தாள்.

அப்பா கோட்டுப் பையிலிருந்து ஒரு தொண்டை இனிப்பை எடுத்து அவள் கையில் வைத்தார். "சப்பு. சத்தம் போடாதை" என்றுவிட்டு மேடையைப் பார்த்தார்.

மேடையில் தீர்த்தம் தெளித்தார்கள். மண்டபம் குலுங்கியது. போர்த்துக்கேயர் அண்ணனோடு கதைக்கத் தொடங்கினார். வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டாயே அண்ணா, அந்த வேலியில் என் ஆடு மாட்டிக்கொண்டதே அண்ணா என்று அழுதார். சனம் கண்ணைத் துடைத்துச் சிரித்தது.

"வேலியோ?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டது பிறேமாவுக்குக் கேட்டது.

"மைக் திறந்திருக்கிறது!" என்று மேடையில் ஒரு பெண் அலறினாள். "பிரேசில் முழுக்கக் கேட்கிறது!"

பிறேமா அப்பாவின் கையைப் பிடித்தாள். கை சூடாக, அசையாமல் இருந்தது. அவர் சிரிக்கவுமில்லை, எழும்பவுமில்லை. கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முடிந்ததும் கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. திருமதி ஹோல்ட்சர் டெக்லனை ஓரமாகக் கூப்பிட்டார். பிறேமா கோட்டு மாட்டுகிற இடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"நன்றாகச் சிரித்தேன். ஆனால் அந்தத் தொலைக்காட்சிக் காட்சி எனக்குப் பிடிபடவில்லை. அந்த ஆள் ஏன் அப்படி அழுகிறார்?"

"வேலிக்காக..."

"வேலிக்காக ஒருவரும் அப்படி அழமாட்டார்கள். உங்களுக்கே அவர் என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. தெரியாத இடத்தை ஆட்டை வைத்து நிரப்பியிருக்கிறீர்கள். அந்தக் காட்சிக்கு ஒரு முடிவு இருந்தால் தொடர் இருக்கிறது, இல்லாவிட்டால் இது வெறும் பகிடிகள். திங்கட்கிழமை எங்கள் கூட்டம். அதற்கு முன் தாருங்கள்."

டெக்லன் தலையாட்டினான். அவன் காது சிவந்திருந்தது. அந்த அம்மையார் சொன்னது சரி என்று பிறேமாவுக்குத் தெரியும். அன்றைக்கு அப்பா கதைத்தது தமிழில். டெக்லன் கண்டது ஒரு மனிதனின் முழந்தாளையும் தோளையும் மட்டும்தான்.

வெளியே அப்பா மருமகனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லது, மிக நல்லது" என்று ஜேர்மனில் சொன்னார். டெக்லன் சிரித்துக்கொண்டு நன்றி சொன்னான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கார் ரைன் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். தமிழில்.

"பிள்ளை, அந்த வேலி எங்கையிருந்து வந்தது? எங்களுக்கும் அண்ணைக்கும் நடுவிலை வேலியே இல்லை. ஒரே வளவு எல்லே."

"நான்தான் இவருக்கு அப்பிடிச் சொன்னனான் அப்பா."

"ஏன்?"

"தன்னாலைதான் நீங்கள் ரெண்டு பேரும் கதையாமல் போனனீங்கள் எண்டு தெரிஞ்சால், இவர் இந்த வீட்டிலை எப்பிடி இருப்பார்?"

அப்பா கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். வெளியே அஸ்பாரகஸ் தண்டு விற்கிற குடிசையொன்று பின்னால் போனது.

"நல்லது செய்தாய்" என்றார். "மற்றது, அந்த மைக்."

அம்மா மறுபடி இருமினாள். இந்த முறை உண்மையான இருமல்.

"அப்பா, உங்களுக்குச் சொல்லாமல் விட்டது..."

"என்னத்தைச் சொல்லுறது? மைக்கை நான்தானே திறந்தனான்."

டெக்லன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"கொரோனாக் காலத்திலை கிழமைக்குக் கிழமை சூமிலை செபமாலை சொல்லுவிச்சவன் நான்" என்றார் அப்பா. "எத்தினை பேருக்கு, மைக்கைப் பூட்டுங்கோ, குக்கர் சத்தம் கேக்குது எண்டு சொல்லியிருப்பன்? மைக் திறந்திருக்கோ பூட்டியிருக்கோ எண்டு எனக்குத் தெரியாதோ? நீங்கள் எல்லாம் என்னைப் பச்சைப்பிள்ளை எண்டு நினைச்சியள்."

"ஏன் அப்பா திறந்தனீங்கள்?"

"அண்ணை அந்தச் சொல்லைத் தனக்குள்ளை வைச்சிருக்கேல்லை பிள்ளை. எல்லா இனசனத்துக்கும் சொன்னவன். வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போயிடுவான், தம்பிக்காரன் அழுதுகொண்டு வருவான் எண்டு. அந்தச் சனம் முழுக்க அண்டைக்கு ஒரு இடத்திலை இருந்தது. அதுதான் சொன்னனான்." அவருடைய குரல் இறங்கியது. "அண்ணை, நீ வராத கலியாணம் நல்லா நடக்குது. அவன் விட்டிட்டுப் போகேல்லை. எனக்கு முழங்காலிலை ஒப்பரேசன் செய்யேக்கை ஆஸ்பத்திரிக் கதிரையிலை படுத்துக் கிடந்தவன் அவன்தான். நான் பெறாத பிள்ளை அண்ணை அவன். நீ ஒருக்கா வந்து பாத்திருக்கலாம். நீ சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்காமலே போயிட்டாய் எண்டு."

அந்தச் சொற்கள் பிறேமாவுக்குப் புதிதில்லை. அன்றைக்கே கேட்டவள்தான். ஆனால் அது அண்ணனுக்கு மட்டும் சொன்ன அழுகை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அவள் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"பாவி மனுசன்!" என்றாள் அம்மா. "எத்தினை பொய்யை என்னைச் சொல்ல வைச்சியள்! மக்டலீனிட்டை எவ்வளவு கெஞ்சினனான்!"

"தெரியும். அவள் எனக்குச் சொன்னவள்."

"மக்டலீனோ!" என்றாள் அம்மா.

"ஒண்டு" என்றார் அப்பா. "இது மருமோனுக்குத் தெரியக்கூடாது. அண்ணை செத்திட்டான். செத்தவனிலை இவருக்கு மனக்கசப்பு வரவேண்டாம். வேலி எண்டே இருக்கட்டும்."

டெக்லன் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை.

"அப்பா என்ன சொல்கிறார்? மைக் என்றார். மருமோன் என்றார். கோபமா?"

பிறேமா கண்ணைத் துடைத்தாள். அவன் திங்கட்கிழமைக்குத் தேடுகிற முடிவு, ஒரு குறையும் இல்லாமல், அவள் வாய்க்குள் இருந்தது. பின்னால் அப்பா அவளுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பது திரும்பிப் பாராமலே தெரிந்தது.

"இல்லை" என்றாள். "நீ பாதை மாறும்போது சிக்னல் போடவில்லையாம். அதுதான்."

டெக்லன் சிரித்தான். உடனே சிக்னலைப் போட்டுக் காட்டினான்.

"சரி, அது நியாயம்" என்றான். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னான். "பிறேமா, நான் அந்தப் படிப்பிக்கிற வேலைக்கே போகிறேன். திங்கட்கிழமை ஹோல்ட்சருக்குப் போன் அடித்துச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் ஏன் அழுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் எழுதியது தப்பு. இனி எழுதவில்லை."

பிறேமா கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள்.

பின் இருக்கையில் பட்டி கழன்ற சத்தம் கேட்டது. அம்மா முன்னால் சாய்ந்து, டெக்லனின் தோளில் கை வைத்தாள்.

"பேர்பெச்சுவா!" என்றார் அப்பா.

அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. சந்தைக்கும் கோவிலுக்கும் மட்டும் பாவிக்கிற தன்னுடைய ஜேர்மனில், ஒரு இடத்திலும் தடக்காமல் சொன்னாள்.

"மருமோன், காரை ஓரமா நிப்பாட்டுங்கோ. பிறேமா பொய் சொல்லுறா."